ஏழு வாசல் வணக்கம்

மாமனாரைக் கட்டித் தூக்கித் தலைக்கு மேலாகப் பின்னால் எறிந்த அதே நொடியில் கொட்டில் கதவு திறந்தது.

மாமனாரை என்றால் மாமனாரையே அல்ல. அவர் பத்து வருஷம் போட்டுக் கழித்த நீலச் சபானை. பஞ்சு வைத்துத் தைத்த அந்த நீண்ட அங்கிக்குள் வைக்கோலைத் திணித்து, அடியில் இரண்டு மணல் பைகளைக் கட்டி, இரு கைகளையும் முன்னால் சேர்த்துத் தைத்து, ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மை செய்திருந்தாள் பெரிசாத். அதன் இடுப்பைச் சுற்றிக் கையைப் பூட்டி, முதுகை வில்லாக வளைத்துப் பின்பக்கம் எறிய வேண்டும். எறிந்ததும் உச்சந்தலையையும் இரு பாதங்களையும் தரையில் ஊன்றி, முதுகு மண்ணில் படாமல் பாலம்போல நிற்க வேண்டும். அன்றைக்கு அது முப்பத்தோராவது தடவை.

பாலமாக நின்ற அவளுக்கு முதலில் தலைகீழாகத் தெரிந்தவை ரப்பர் காலணி போட்ட இரண்டு கால்கள். அப்புறம் பால் வாளி. அதற்கும் அப்பால் மாமியார் சபீராவின் முகம்.

"அடி பாவி! அது யாரோட சபான்?"

பெரிசாத் புரண்டு எழுந்தாள். தலைத்துணி வைக்கோலில் கிடந்தது. அதை முதலில் எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

"உள்ள வெறும் வைக்கோல்தான் அத்தை."

"உள்ள என்ன எழவு வேணா இருக்கட்டும். மேல இருக்கறது யாரு? அந்த மனுஷன் பேரைக்கூட நீ வாயால சொல்லக் கூடாது. அவரு குந்தியிருந்த எடத்தைத் தாண்டிப் போகக் கூடாது. நீ என்னடான்னா அவரைத் தூக்கித் தலைகுப்புறப் போடுற!"

"ஆறு மாசமா அக்தோஷ் இதுமேலதான படுத்துக் கெடந்துச்சு? நீங்கதான அத்தை அதுக்கு எடுத்துப் போட்டீங்க?"

"நாய் வாயில்லா ஜீவன். அதுக்கு மாமனாரு மரியாதை தெரியுமா? நாய்க்கும் உனக்கும் ஒரு வித்தியாசம் வேணாமா?"

வித்தியாசம் இருக்கத்தான் இருந்தது. நாயை அந்த அங்கியிலிருந்து ஒருவரும் எழுப்பவில்லை. சபீரா பொம்மையை இரண்டு கையாலும் நிமிர்த்தி, சபானின் முதுகில் ஒட்டியிருந்த சாணித் தூசியைத் தட்டிவிட்டாள். புருஷனைத் தட்டிவிடுவது போலத்தான் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். சிரிக்கக் கூடாத நேரம் என்று தெரிந்தும் பெரிசாத்துக்கு உதடு துடித்தது. அடுத்த கணமே நாள் கணக்கு ஞாபகம் வந்தது. இன்றைக்குப் புதன். வருகிற திங்கட்கிழமை பதினேழாம் தேதி. தலைநகர் பிஷ்கெக்கில் தேசிய அணிக்கான தேர்வு. சனிக்கிழமைக் காலை வேனைப் பிடிக்காவிட்டால் எல்லாம் போச்சு.

மல்யுத்தம் இந்த வீட்டுக்குத் தெரியாமல் வந்த சமாசாரம் அல்ல. பெரிசாத்தை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்ததே அதுதான். அறுபத்திரண்டு கிலோ பிரிவில் அவள் வெள்ளி வாங்கிய போட்டியைப் பார்க்க வந்திருந்த உர்மத், மூன்று நாள் அரங்கத்து வாசலிலேயே பழியாய்க் கிடந்தான். "கல்யாணத்துக்கு அப்புறமும் நீ ஆடலாம், எங்கப்பாவுக்கு மல்யுத்தம்னா உசுரு" என்றான். அது பொய்யில்லை. மாமனார் டோக்தோசுனுக்கு மல்யுத்தம் உயிர்தான். கல்யாணம் முடிந்த மறுநாளே அவளுடைய ஐந்து பதக்கங்களையும் வாங்கி விருந்தினர் அறைச் சுவரில் தன் கையாலேயே ஆணியடித்து மாட்டினார். வருகிறவர்களை எல்லாம் அதற்கு நேர் கீழே உட்காரவைத்து, "பாத்தீங்களா, எம் மருமகளோடது. இந்த வயித்துல பொறக்கப்போற பய எப்படி இருப்பான்னு யோசிச்சுப் பாருங்க" என்பார். வந்தவர்கள் எண்ணெயில் பொரித்த பூர்சோக் ரொட்டித் துண்டுகளைத் தேனில் தொட்டுத் தின்றபடி யோசித்துப் பார்ப்பார்கள். பெரிசாத் அப்போது வாசலோரம் உட்கார்ந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பாள்.

இரண்டு மாதத்தில் உர்மத் கட்டட வேலைக்கு மாஸ்கோ போனான். அவன் விமானம் ஏறிய வாரமே மாமனார் சட்டம் போட்டார். ஊர்ப் பயிற்சிக் கூடத்தில் இருப்பவர்கள் எல்லாம் ஆண்பிள்ளைகள், அங்கே போகக் கூடாது. தூக்கி எறிந்தால் கருப்பை இறங்கிவிடும், அதனால் வீட்டிலும் கூடாது. ஓடவும் கூடாது, ஊர் பார்க்கும். பதக்கம் மட்டும் சுவரில் இருக்கலாம்.

அவளுடைய பயிற்சியாளர் பாத்மா அக்கா கைப்பேசியில் சொன்னாள்: "ஆளு இல்லாட்டி என்னடி? தரை இருக்குல்ல?" ஆளில்லாமல் செய்கிற பயிற்சிகளை ஒவ்வொன்றாகச் செய்துகாட்டிப் படம் அனுப்பினாள். அதற்கப்புறம் பெரிசாத்துக்கு அந்த வீடே பயிற்சிக் கூடம் ஆயிற்று. மாமனார் மதிய லுஹர் தொழுகைக்குப் போனதும், மாமியார் அக்கம்பக்கம் கிளம்பியதும், கொட்டிலுக்குள் போவாள். மல்லாந்து படுத்து இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நழுவவிட்டுக் கொட்டிலின் நீளம் முழுக்கத் தரையோடு தரையாக ஊர்வாள். நின்ற நிலையிலிருந்து கால்களைப் பின்னால் வீசி நெஞ்சு அடிக்கத் தரையில் விழுந்து, விழுந்த வேகத்திலேயே எழுவாள். டிராக்டர் சக்கரத்து உள்குழாயை அறுத்துத் தூணில் கட்டி, இல்லாத எதிரியின் காலை நோக்கி முட்டி தாழ்ந்து பாய்ந்து இழுப்பாள். ரொட்டி மாவு பிசையும்போது பிடியை இறுக்குவாள். இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு வரும்போது அரைக் குந்தலில் நடப்பாள். பிடித்து எறிய ஒரு உடம்பு மட்டும்தான் இல்லாமல் இருந்தது. நாய்க்குப் போட்டிருந்த சபான் கண்ணில் பட்டது அப்போதுதான். குப்பைக்குப் போன துணிக்கு என்ன மரியாதை என்று அவள் நினைத்ததுதான் தப்பு. பெரியவரின் அங்கி நாய்க்குக் கீழே கிடந்தாலும் மருமகளுக்கு மேலேதான் என்பதை அவள் மறந்துபோனாள்.

அன்று சாயங்காலம் டோக்தோசுன் பதக்கங்களுக்குக் கீழே சம்மணமிட்டு உட்கார்ந்து விசாரித்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"எத்தனை தடவை எறிஞ்சே?"

"இன்னிக்கா மாமா?"

"மொத்தமா."

பெரிசாத் பொய் சொல்லப் பழகாதவள். "தினம் அம்பது. மூணு மாசமா."

டோக்தோசுன் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார் போலிருக்கிறது. முகம் கறுத்தது. "நாலாயிரத்து ஐநூறு தடவை எம் முதுகை மண்ணுல போட்டிருக்கா. இந்த ஊர்ல ஒருத்தனும் ஒரு தடவைகூடப் போட்டதில்ல."

"அது சும்மா துணி மாமா..."

"வாயை மூடுடி" என்றாள் சபீரா.

தீர்ப்பு வந்தது. வெள்ளிக்கிழமை தலைக்கு வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு குலத்துப் பெரியவர்கள் ஏழு பேர் வாசலுக்கும் போய், ஒவ்வொரு வாசலிலும் மூன்று தடவை வணங்கி மன்னிப்புக் கேட்க வேண்டும். கடைசியாக வந்து அவரை வணங்க வேண்டும். அந்த வணக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டு கையையும் வலது முட்டியில் சேர்த்து வைத்து, முட்டியை மடக்கித் தாழ்ந்து, தலை குனிந்து நிற்பது. பெரியவர் உள்ளங்கைகளை விரித்து ஆசி சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் பாத்தா. சொல்லி முடித்து அவர் கையால் முகத்தைத் தடவி 'ஓமின்' சொன்னதும் சுற்றியிருப்பவர்களும் 'ஓமின்' சொல்வார்கள். அதற்கப்புறம்தான் மருமகள் நிமிரலாம்.

"பிஷ்கெக்கு மாமா?" என்று கேட்டாள் பெரிசாத்.

"எந்த பிஷ்கெக்?" என்றார் அவர்.

உர்மத்துக்குப் பேசினாள். அவன் எந்த மாடியிலோ காற்றில் நின்றுகொண்டு பேசினான். "அப்பா மனசு நோகாம பாத்துக்க பெரிசாத். அடுத்த வருஷமும் தேர்வு வரும்ல?" அடுத்த வருஷம் அவளுக்கு இருபத்தைந்து. அதற்குள் அவன் ஒரு தடவை ஊருக்கு வந்துபோவான், வயிற்றில் ஒன்று இருக்கும். அவள் கைப்பேசியை வைத்தாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே கிண்ணங்களைக் கழுவினாள். புருஷன்மேல் அவளுக்கு வந்தது கோபமல்ல, சலிப்பு. கோபமென்றால் ஆறிவிடும்.

வெள்ளிக்கிழமை மாமியாரும் மருமகளும் கிளம்பினார்கள். முதல் வாசலில் ராய்கான் என்கிற பெரியம்மாள். பெரிசாத் மூன்றாவது தடவை தாழ்ந்து நின்றபோது பெரியம்மாள் கையை விரித்து, "ஒம்பது ஆம்பளப் பிள்ளை பெத்துப் போடு, எல்லாம் உம் மாமனாரு ஜாடையில இருக்கட்டும். ஓமின்" என்றாள். "ஓமின்" என்றாள் சபீரா. ஒன்பது டோக்தோசுன்களை நினைத்துப் பார்த்த பெரிசாத்துக்குத் தலைசுற்றியது.

தெருவில் சபீரா நொண்டினாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்றாள்.

"வலிக்குதா அத்தை?"

"முப்பத்தோரு வருஷம்டி. காலையில எந்திரிச்சா மாமனாருக்கு, மாமியாருக்கு, வந்தவன் போனவனுக்கு எல்லாம். வயித்துல உம் புருஷனைச் சுமந்துக்கிட்டு ஒம்பதாம் மாசத்துலயும் குனிஞ்சேன். ஒரு கிழவரு பாத்தா சொல்ல ஆரம்பிச்சா ஆடு மாடெல்லாம் எண்ணி முடிச்சாத்தான் விடுவாரு. எம் முட்டி போனது இந்த ஏழு வாசல்லதான்." சொல்லிவிட்டு, இவளிடம் போய் ஏன் சொன்னோம் என்பதுபோல முறைத்தாள். "நீ என்ன, நடுங்காம நிக்கிற?"

"பழக்கம் அத்தை. வெயிட்டைக் குதிகால்ல வச்சுக்கணும். மூச்சு மூக்குல போகணும்."

"எங்களுக்கு எவ சொல்லிக் குடுத்தா?" என்று முனகிக்கொண்டு சபீரா நடந்தாள்.

இரண்டாவது வாசல் அசன்குல் பெரியவருடையது. பழைய டிராக்டர் ஓட்டி. பந்தயம், மல்யுத்தம் என்றால் மூன்று ஊர் தாண்டிப் போய்ப் பார்க்கிற ஆள். பெரிசாத் தாழ்ந்தாள். அவர் உள்ளங்கைகளை விரித்தார். விரித்துவிட்டு, "என்ன பாத்தா வேணும் தாயி, புள்ளதான?" என்று பழக்கத்தில் கேட்டார். மருமகள்கள் யாரும் அதற்குப் பதில் சொல்வதில்லை.

"இல்ல தாத்தா" என்றாள் பெரிசாத், குனிந்த தலை நிமிராமல். "திங்கக்கிழமை பிஷ்கெக்ல எனக்கு மல்யுத்தம். எம் முதுகு மண்ணுல படக் கூடாதுன்னு சொல்லுங்க."

சபீரா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏய்!"

அசன்குல் தன் கைகளைப் பார்த்தார். விரித்த கையை வெறுமனே மூடுவது அந்தப் பக்கத்தில் சாவு வீட்டில்கூட நடக்காது. தாடியை அசைத்தார். அப்புறம் கிழவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. "பிடி நழுவாம இருக்கட்டும். கால் வழுக்காம இருக்கட்டும். எதிரி எவளா இருந்தாலும் அவ ரெண்டு தோளும் பாயில ஒட்டட்டும். ஓமின்!"

"ஓமின்" என்றாள் சபீரா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. கை முகத்தைத் தடவி முடித்திருந்தது.

வெளியே வந்ததும் மருமகளின் முழங்கையில் நறுக்கென்று கிள்ளினாள். "எவ்ளோ நெஞ்சழுத்தம்டி உனக்கு!"

"கேட்டாரு, சொன்னேன் அத்தை."

"அடுத்த வீட்ல வாயைத் திறந்தே, தெரியும் சேதி."

அடுத்த வீட்டிலும் பெரிசாத் வாயைத் திறந்தாள். அதற்கடுத்த வீட்டிலும் திறந்தாள். ஒரு பெரியவர், பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம் என்று நீட்டி முழக்கிவிட்டு, விரித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் "சரி, கை கால் ஒடியாம திரும்பி வா" என்றார். இன்னொருவர் காது கேட்காதவர். அவர் பாட்டுக்கு ஆட்டுக் குட்டி பெருகச் சொன்னார். ஏழு வாசலிலும் சபீரா ஓமின் சொன்னாள். கடைசி இரண்டு வாசலில் அவள் கிள்ளவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

வீடு திரும்புவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. டோக்தோசுன் விரிப்பின்மேல் சம்மணமிட்டு, தேநீர்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் பார்வை பொண்டாட்டிமேல்தான் முதலில் விழுந்தது.

"நீ பக்கத்துல நின்னு என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

"ஓமின் சொன்னேன்."

"ஏழு தடவையுமா?"

"பெரிய மனுஷங்க கையைத் தூக்குறாங்க. நான் மட்டும் மரம் மாதிரி நிக்கவா?"

பெரிசாத் வாசற்படிக்கு உள்ளே வந்து நின்றாள். ஒரு தடவை தாழ்ந்தாள், இரண்டாவது தடவை தாழ்ந்தாள். மூன்றாவது தடவை தாழ்ந்து அப்படியே நின்றாள்.

"மாமா, உங்க சபானை எறிஞ்சது தப்புதான். மன்னிச்சிருங்க. நாளைக்குக் காலையில வேன். பாத்தா குடுங்க."

டோக்தோசுன் கையை விரிக்கவில்லை. கிண்ணத்தை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"குடுக்கலைன்னா?"

"நீங்க குடுக்காம நான் நிமிர முடியாதே மாமா. அதுதான இந்த வீட்டு வழக்கம்?"

"ஆமா, அதுதான் வழக்கம். நில்லு" என்றார் அவர். நின்றால் ஐந்து நிமிஷம் நிற்பாள், பத்து நிமிஷம் நிற்பாள், பிறகு முட்டி நடுங்கித் தானாக உட்கார்ந்து அழுவாள் என்பது அவர் கணக்கு. முப்பத்தொரு வருஷமாகப் பார்த்த கணக்கு அது.

அவர் தேநீரைக் குடித்து முடித்தார். சபீரா இன்னொரு கிண்ணம் ஊற்றினாள். அதையும் குடித்தார். சுவர்க் கடிகாரத்தில் கால் மணி நேரம் போயிற்று. பெரிசாத்தின் தொடையில் எரிச்சல் ஏறியது. அது அவளுக்குப் பழகின எரிச்சல். முதலில் தீயாக இருக்கும், பிறகு மரத்துப்போகும், மரத்த பிறகுதான் உண்மையான வலி வரும். பாத்மா அக்கா கொடுத்த பயிற்சிகளில் அவளுக்குப் பிடிக்காதது இந்த அசையாத பயிற்சிதான். ஓடினால் ஓடிய தூரம் தெரியும். நிற்பதில் என்ன தெரியும்? இன்றைக்குத் தெரிந்தது. இத்தனை நாள் இல்லாத எதிரி இப்போது எதிரே உட்கார்ந்திருந்தார். எடையைக் குதிகாலுக்கு இறக்கினாள். மூக்கால் மூச்சு விட்டாள். முகத்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது.

மூன்றாவது கிண்ணம் ஆறிப்போயிற்று. டோக்தோசுனுக்குச் சிறுநீர் முட்டியது. எழுந்து போகலாமென்றால் வணங்கி நிற்கிறவள் வாசலை அடைத்து நிற்கிறாள். வணங்கி நிற்கிற மருமகளுக்குப் பதில் சொல்லாமல் தாண்டிப் போன மாமனார் என்று பேர் வாங்கினால் குலத்துக்கே கேவலம். அவர் இடது காலை நீட்டப் பார்த்தார். அது எப்போதோ மரத்துப்போயிருந்தது. கையால் தூக்கி வைக்க வேண்டியதாயிற்று.

"கால் நடுங்குது பாரு" என்றார், அவளைப் பார்த்து.

"அவ கால் நடுங்கல" என்றாள் சபீரா. தேநீர்ப் பாத்திரத்தை விரிப்பில் வைத்துவிட்டு, தன் முட்டியை நீவிக்கொண்டே சொன்னாள். "நான் அப்போலேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். உங்க கைதான் நடுங்குது. தேநீர் சிந்துது பாருங்க. சொல்லித் தொலைங்க. இவ நிமிர மாட்டா, நீங்கதான் அப்புறம் எந்திரிக்க முடியாம போவீங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சபீரா அவரிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. டோக்தோசுன் அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தலைக்கு மேல் சுவரில் மாட்டியிருந்த பதக்கங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும், ஒரு வழி கிடைத்துவிட்ட தெளிவு முகத்தில் வந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கைகளை விரித்தார்.

"போயிட்டு வா. ஆனா ஒண்ணு. ஜெயிச்சா நீ டோக்தோசுன் மருமக, நானே வேன்கிட்ட வந்து ஆடு வெட்டி அழைச்சிட்டு வருவேன். தோத்தியோ, நீ உங்கப்பன் மக, அப்படியே அவன் வீட்டுக்குப் போயிரு. ஓமின்!"

கையை முகத்தில் தடவிக்கொண்டு காத்திருந்தார்.

பெரிசாத் நிமிர்ந்தாள். முட்டியிலிருந்து கையை எடுத்து, மெல்ல, முதுகெலும்பு ஒவ்வொன்றாக நேராகிற மாதிரி நிமிர்ந்தாள். தலைத்துணி நுனியால் முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஓமின் சொல்லலையா நீ?"

"பாத்தாவுக்குத்தான் மாமா ஓமின் சொல்வாங்க" என்றாள் பெரிசாத். குரலில் கோபம் இல்லை. தேநீர் வேண்டுமா என்று கேட்கிற குரல்தான். பிறகு துணிமணி எடுத்துவைக்கத் தன் அறைக்குப் போனாள்.

டோக்தோசுன் மனைவி பக்கம் திரும்பினார். சபீராவும் சொல்லவில்லை.